ஐந்து பேர், ஒரு டியூப்: பூல் முறையில் ஆர்டி-பிசிஆர் சோதனை செய்வதற்கு முழு வழிகாட்டி

ரேக்கில் 100 பேருடைய மாதிரி டியூப் நிற்கிறது. எக்ஸ்ட்ராக்‌ஷன் கிட்டில் (மாதிரியிலிருந்து வைரஸின் ஆர்என்ஏவைப் பிரிக்கும் பொருள்களில்) மிச்சம் இருப்பதோ 40 பேருக்கு மட்டும். அடுத்த லோடு நாளைக்குத்தான் வரும். 2020இல் கொரோனா சோதனை செய்த லேப்களில் வேலை பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. அந்த 100 பேரில் ஒருவரோ இருவரோதான் பாசிட்டிவ் என்பது முந்தைய நாள்களின் அனுபவத்தில் தெரியும். யார் என்பதுதான் தெரியாது. ஐந்தைந்து பேருடைய மாதிரியைச் சேர்த்து 20 பூல் போட்டால், 18 பூல் நெகட்டிவ் வந்துவிடும். அந்த 90 பேருக்கும் அன்றைக்கே பதில் சொல்லிவிடலாம். மீதி இரண்டு பூலில் இருக்கும் 10 பேரைத் தனித்தனியாகப் பார்த்தால் போதும். மொத்தம் 30 ரியாக்‌ஷன். கையில் இருக்கும் கிட்டிலேயே வேலை முடிந்துவிடும்.

அந்த ஆண்டு முழுக்க நான் ஒரு ஆர்டி-பிசிஆர் (வைரஸின் மரபுப்பொருளைப் பல மடங்கு நகலெடுத்துக் கண்டுபிடிக்கும் சோதனை) லேபில் பெஞ்சில் நின்றவன். என் அனுபவத்தில் பூலிங்கில் கணக்கு சுலபம். கைவேலையும் எழுத்துவேலையும்தான் கஷ்டம். ஒரு டியூபில் தவறு நடந்தால் ஒருவருக்குத் தவறான ரிப்போர்ட் போகும். ஒரு பூலில் தவறு நடந்தால் ஐந்து பேருக்குப் போகும். அதனால் இந்த வழிகாட்டியில் கணக்கைச் சீக்கிரம் முடித்துவிட்டு, டியூபைக் கையில் எடுத்தபின் நடப்பவற்றில்தான் அதிக நேரம் நிற்கப் போகிறேன். உதாரணத்துக்குக் கொரோனா சோதனையையே எடுத்துக்கொள்கிறேன். மற்ற நோய்களுக்கும் முறை பெரும்பாலும் இதுதான்.

யோசனை புதிது அல்ல. 1943இல் அமெரிக்கப் பொருளியலாளர் ராபர்ட் டார்ஃப்மேன் இதைக் கட்டுரையாக எழுதினார். இரண்டாம் உலகப் போர்க் காலம் அது. ராணுவத்தில் சேர வரும் லட்சக்கணக்கான இளைஞர்களுக்கு சிஃபிலிஸ் இருக்கிறதா என்று ஒவ்வொருவர் இரத்தத்தையும் தனியாகச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். பலருடைய இரத்தத்தைச் சேர்த்து ஒரே சோதனையாகச் செய்யலாமே என்றார் அவர். அப்போது அது நடைமுறைக்கு வரவில்லை. ஒருவர் இரத்தத்தில் உள்ளது மற்றவர்களின் இரத்தத்தில் கலந்து நீர்த்துப்போனால் அன்றைய சோதனையால் பிடிக்க முடியாது என்பது பெரிய தடையாக இருந்தது. அந்தத் தடை இன்றும் இருக்கிறது. பிசிஆர் மிக நுணுக்கமான சோதனை என்பதால் அதைச் சமாளிக்க முடிகிறது, அவ்வளவுதான்.

ஊர்ப் பால் சொசைட்டியை நினைத்துப் பாருங்கள். எல்லார் வீட்டுப் பாலையும் ஒரே கேனில் ஊற்றியபின் தண்ணீர் கலந்தது யார் என்று கேனைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் கேனில் ஊற்றுவதற்கு முன்பே ஒவ்வொருவர் பாலிலும் கொஞ்சம் தனியாக எடுத்துவைக்கிறார்கள். பூலிங்கிலும் ஒவ்வொருவருடைய அசல் டியூபும் பத்திரமாக இருக்க வேண்டும். அதிலிருந்து எடுத்த சிறு பங்குதான் பூலுக்குப் போக வேண்டும்.

படி 1: பாசிட்டிவ் விகிதத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

கடந்த ஏழு முதல் பதினான்கு நாள்களில் உங்கள் லேபுக்கு வந்தவற்றில் எத்தனை சதவீதம் பாசிட்டிவ் என்று எடுங்கள். மாவட்டத்தின் சராசரி உதவாது. உங்கள் லேபுக்கு எந்த ஊரிலிருந்து, எந்த முகாமிலிருந்து மாதிரி வருகிறதோ அதன் விகிதம்தான் வேண்டும். காய்ச்சல் கிளினிக் மாதிரிகளையும் விமான நிலைய மாதிரிகளையும் ஒரே கணக்கில் போடாதீர்கள். இரண்டும் வேறு வேறு உலகம்.

அப்புறம் கணக்கு. ஒரு ஆளுக்கு எத்தனை சோதனை ஆகும் என்பதில் இரண்டு பங்கு உண்டு. முதலாவது, பூல் சோதனையில் அவருடைய பங்கு. ஐந்து பேர் பூல் என்றால் ஐந்தில் ஒன்று, அதாவது 0.2. இரண்டாவது, அவருடைய பூல் பாசிட்டிவ் ஆகி அவரைத் தனியாகவும் சோதிக்க வேண்டிவரும் வாய்ப்பு. விகிதம் 2 சதவீதம் என்றால் ஒருவர் நெகட்டிவாக இருக்கும் வாய்ப்பு 0.98. ஐந்து பேரும் நெகட்டிவாக இருக்க 0.98ஐ ஐந்து முறை பெருக்க வேண்டும்: 0.904. எனவே பூல் பாசிட்டிவ் ஆகும் வாய்ப்பு 0.096. இரண்டையும் கூட்டினால் 0.296. 100 பேருக்கு ஏறக்குறைய 30 சோதனை.

ஐந்து பேர் பூலில் 100 பேருக்கு ஆகும் சோதனைகள் இப்படி வரும்:

விகிதம் 1% – 25 சோதனை
2% – 30
5% – 43
10% – 61
20% – 87
30% – 103

கடைசி வரியைப் பாருங்கள். பூல் போடாமலே இருந்திருந்தால் 100தான் ஆகியிருக்கும். மூன்று பேர் பூல் மட்டும்தான் அந்த விகிதம்வரை தாக்குப்பிடிக்கும். 30.7 சதவீதத்தைத் தாண்டினால் அதுவும் வீண்.

அப்படியானால் 10 சதவீதத்திலும் லாபம்தானே, ஏன் செய்யக்கூடாது என்று கேட்பார்கள். கிட் மிச்சமாகும், சரி. ஆனால் அந்த விகிதத்தில் பத்துப் பூலில் நான்கு பாசிட்டிவ் வரும். அந்த நான்கு பூலில் இருக்கும் எல்லாரும், உண்மையில் நெகட்டிவாக இருப்பவர்கள் உட்பட, இரண்டாவது சுற்றுக்காகக் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் நேரத்துக்கும் ஒரு விலை உண்டு. 2020 ஏப்ரல் 13 அன்று ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) வெளியிட்ட ஆலோசனைக் குறிப்பும் ஓர் எல்லை வகுத்தது. விகிதம் 2 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூல் போடலாம். 2 முதல் 5 சதவீதம்வரை அறிகுறி இல்லாதவர்களிடம் நடத்தும் சமூக அளவிலான கணக்கெடுப்புக்கும் கண்காணிப்புக்கும் மட்டும். 5 சதவீதத்துக்கு மேலே பரிந்துரை இல்லை. பூலின் அளவு ஐந்து. லக்னோவில் உள்ள கிங் ஜார்ஜ் மருத்துவப் பல்கலைக்கழக லேபில் செய்து பார்த்த சோதனைகள் இதற்கு அடிப்படை.

படி 2: யாரைப் பூலில் சேர்க்கக்கூடாது

இதை லேப் கதவிலேயே ஒட்டிவையுங்கள். அறிகுறி உள்ளவர், பாசிட்டிவ் வந்தவரோடு தொடர்பில் இருந்தவர், மருத்துவப் பணியாளர், அவசர அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருப்பவர் ஆகியோரின் மாதிரிகள் தனியாகத்தான் போக வேண்டும். தொடர்பில் இருந்தவர்களையும் மருத்துவப் பணியாளர்களையும் விலக்கச் சொல்லி அந்த ஆலோசனைக் குறிப்பிலேயே இருந்தது. இவர்களில் பாசிட்டிவ் வாய்ப்பு அதிகம். நான்கு அப்பாவி மாதிரிகளையும் சேர்த்து இரண்டாம் சுற்றுக்கு இழுத்துவிடுவார்கள். போதாததற்கு, இவர்களுக்கு ரிப்போர்ட் தாமதமானால் அதனால் வரும் ஆபத்தும் அதிகம்.

கசிந்த டியூப், பெயர் அழிந்த டியூப், இரத்தமோ சளிக்கட்டியோ நிறைய உள்ள டியூப் ஆகியவற்றையும் ஒதுக்கிவையுங்கள். இரத்தத்தில் பிசிஆரைத் தடுக்கும் பொருள்கள் உண்டு. அப்படி ஒரு மாதிரி உள்ளே போனால் மற்ற நான்கின் சோதனையையும் கெடுத்துவிடும்.

படி 3: ஒரே வீட்டுக்காரர்களைப் பிரிக்காதீர்கள்

பலரும் தவறவிடும் இடம் இது. மாதிரிகளைக் கலைத்துப் போட்டால்தான் நியாயம் என்று தோன்றும். நேர்மாறாகச் செய்யுங்கள்.

20 மாதிரி வந்திருக்கிறது, அதில் நான்கு பேர் ஒரே வீடு, நான்கு பேருக்கும் தொற்று என்று வைத்துக்கொள்வோம். நமக்கு அது முன்கூட்டித் தெரியாது. கலைத்துப் போட்டு, நான்கு பேரும் நான்கு வேறு பூலில் விழுந்தால் நான்கு பூலும் பாசிட்டிவ். பூல் சோதனை 4, அதன்பின் 20 பேருக்கும் தனிச் சோதனை 20. மொத்தம் 24. பூலே போடாமல் இருந்திருந்தால் 20தான் ஆகியிருக்கும். அதே நான்கு பேரை ஒரே பூலில் வைத்திருந்தால் ஒரு பூல் மட்டும் பாசிட்டிவ். 4 கூட்டல் 5, மொத்தம் 9. மற்ற 15 பேருக்கும் அன்றைக்கே ரிப்போர்ட்.

இன்னொரு நன்மையும் உண்டு. ஒரே பூலில் இரண்டு மூன்று பாசிட்டிவ் இருந்தால் வைரஸின் அளவு கூடுதலாக இருக்கும். பலவீனமான பாசிட்டிவ் ஒன்று தனியாக மாட்டிக்கொண்டு தவறிப்போகும் ஆபத்து குறையும். அதனால் மாதிரி எடுக்கும் இடத்திலேயே சொல்லிவையுங்கள்: ஒரே வீடு, ஒரே விடுதி அறை, ஒரே பஸ்ஸில் வந்தவர்கள் அடுத்தடுத்த எண்களில் வரட்டும். ரேக்கில் வந்த வரிசையிலேயே பூல் போடுங்கள்.

படி 4: எங்கே கலப்பது

மூன்று இடங்களில் கலக்கலாம். முதலாவது, மாதிரி எடுக்கும்போதே பலருடைய ஸ்வாப்களை (மூக்கிலோ தொண்டையிலோ மாதிரி எடுக்கும் பஞ்சுக்குச்சிகளை) ஒரே டியூபில் போடுவது. சீனாவில் நகரம் முழுக்கச் சோதித்தபோது பத்து பேருடைய ஸ்வாப்களை ஒரே டியூபில் போட்டார்கள். இதில் நீர்த்துப்போகும் சிக்கல் மிகக் குறைவு. ஒவ்வொரு ஸ்வாபில் உள்ளதும் முழுசாக உள்ளே போகிறது. ஆனால் பூல் பாசிட்டிவ் ஆனால் அசல் டியூப் என்று எதுவும் கிடையாது. பத்துப் பேரையும் திரும்பக் கூப்பிட்டு மறுபடி மாதிரி எடுக்க வேண்டும். கூப்பிட்டால் வரக்கூடிய இடத்தில் மட்டுமே இது சரிப்படும்.

இரண்டாவது, லேபுக்கு வந்தபின் விடிஎம் திரவத்தை (ஸ்வாப் மூழ்கியிருக்கும், வைரஸைக் கெடாமல் காக்கும் திரவத்தை) கலப்பது. எக்ஸ்ட்ராக்‌ஷன், பிசிஆர் இரண்டிலும் மிச்சம் கிடைக்கும். அசல் டியூபும் கையில் இருக்கும். பெரும்பாலான லேப்களுக்கு நான் சொல்வது இதுதான், கீழே வருவதெல்லாம் இதற்கே.

மூன்றாவது, ஒவ்வொருவருக்கும் தனியாக ஆர்என்ஏ பிரித்தபின் ஆர்என்ஏவைக் கலப்பது. பிசிஆர் ரியேஜென்ட் மட்டும் தட்டுப்பாடாக இருந்தால் உதவும். எக்ஸ்ட்ராக்‌ஷன் வேலை அப்படியே 100க்கு 100.

படி 5: பூல் அளவும் நீர்த்தலும்

பிசிஆரில் ஒவ்வொரு சுழற்சியிலும் நகல்கள் இரட்டிப்பாகின்றன. எத்தனையாவது சுழற்சியில் சிக்னல் தெரிகிறதோ அதுதான் சிடி மதிப்பு. வைரஸ் குறைவாக இருந்தால் சிடி கூடும். ஒரு பாசிட்டிவை நான்கு நெகட்டிவோடு கலந்தால் வைரஸ் ஐந்தில் ஒரு பங்காகக் குறையும். அதை ஈடுகட்ட ஏறக்குறைய 2.3 சுழற்சி கூடுதலாக வேண்டும். பத்து பேர் பூலில் 3.3. 32 பேர் பூலில் 5.

தனியாகச் சோதித்தால் சிடி 22 வரும் ஒருவர் ஐந்து பேர் பூலில் 24.3இல் வருவார். எந்தப் பிரச்சினையும் இல்லை. சிடி 34 வரும் ஒருவர் 36.3க்குப் போவார். கிட்டின் எல்லை (இதற்கு மேல் சிடி வந்தால் நெகட்டிவ் என்று எடுக்கும் அளவு) 36 என்றால் அவர் காணாமல் போய்விடுவார். பூலிங்கில் நாம் இழப்பது இந்த ஓரத்தில் நிற்பவர்களைத்தான். அவர்களில் குணமாகிக்கொண்டிருப்பவர்களும் இருப்பார்கள், தொற்று இப்போதுதான் ஆரம்பித்து நாளைக்கு வைரஸ் பல மடங்காகப் போகிறவர்களும் இருப்பார்கள். இரண்டாவது வகையை நினைத்துத்தான் நான் பூலைப் பெரிதாக்கப் பயப்படுகிறேன்.

எத்தனை பேரைச் சேர்ப்பது என்பதில் உலகம் முழுக்க ஒரே விடை இல்லை. இஸ்ரேலின் டெக்னியான் தொழில்நுட்பக் கழக ஆராய்ச்சியாளர்கள் 2020இல் 32 பேர் பூலில் ஒரு பாசிட்டிவைப் பிடிக்க முடியும் என்று காட்டினார்கள். அதே ஆண்டு ஜூலையில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, குவெஸ்ட் என்ற பரிசோதனை நிறுவனத்தின் சோதனைக்கு நான்கு பேர் பூல்வரை அனுமதி தந்தது. இந்தியாவில் மே மாதம், வெளிநாட்டிலிருந்து திரும்புகிறவர்களுக்கும் ஊர் திரும்பும் தொழிலாளர்களுக்கும் 25 பேர் பூல் போடலாம் என்று வழிகாட்டல் வந்தது. பெரிய பூல் எவ்வளவு ஆசை காட்டினாலும் இதை யோசியுங்கள்: 1 சதவீத விகிதத்தில் கணக்குப்படி மிகச் சிறந்த அளவு 11. அதில் 100 பேருக்கு 20 சோதனை. ஐந்து பேர் பூலில் 25. ஐந்தே ஐந்து சோதனை மிச்சத்துக்காக ஓரத்தில் நிற்பவரை விட்டுவிட எனக்கு மனம் வராது.

பூல் தொடங்குவதற்கு முன் உங்கள் கிட்டிலேயே, உங்கள் மெஷினிலேயே சரிபார்த்துக்கொள்ளுங்கள். வேறொரு லேபின் முடிவை நம்பித் தொடங்க வேண்டாம். ஏற்கனவே பாசிட்டிவ் என்று உறுதியான மாதிரிகள் 20ஐயாவது எடுங்கள். அதில் கால்வாசியாவது பலவீனமான பாசிட்டிவாக, கிட்டின் எல்லைக்குப் பக்கத்தில் இருப்பதாக இருக்கட்டும். ஒவ்வொன்றையும் நான்கு நெகட்டிவ் மாதிரிகளோடு கலந்து ஓட்டுங்கள். நெகட்டிவ் மட்டுமே உள்ள பூல்களும் அதே எண்ணிக்கையில் ஓட்டுங்கள். தனிச் சோதனையின் சிடியையும் பூலின் சிடியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் வித்தியாசம் 2.3க்கு அருகே வர வேண்டும். 4, 5 என்று வந்தால் பிப்பெட்டிங்கிலோ எக்ஸ்ட்ராக்‌ஷனிலோ ஏதோ சரியில்லை. அதைக் கண்டுபிடிக்காமல் நோயாளி மாதிரிக்குப் போகாதீர்கள். எல்லாமே சிடி 20, 22 என்று பலமான மாதிரிகளாக எடுத்துச் சரிபார்த்துவிட்டு நூற்றுக்கு நூறு என்று சந்தோஷப்படுவது சுலபம். அந்த நூறுக்கு மதிப்பு இல்லை.

படி 6: பெஞ்சில்

கிட்டுக்கு 200 மைக்ரோலிட்டர் மாதிரி தேவை என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு அசல் டியூபிலிருந்தும் 50 மைக்ரோலிட்டர் எடுத்து, பூல் டியூபில் 250 சேருங்கள். அதிலிருந்து 200ஐ எக்ஸ்ட்ராக்‌ஷனுக்கு எடுங்கள். சரியாக 40 வீதம் எடுத்தால் கடைசித் துளியைப் பிப்பெட்டால் உறிஞ்ச முடியாமல் காற்றுக்குமிழி வரும். ஐந்து பேரிடமும் சம அளவு எடுப்பது முக்கியம். ஒருவருடையது கெட்டியாக இருந்து டிப்பில் பாதிதான் ஏறினால், அந்த ஆள் பூலில் பாதிதான் இருக்கிறார்.

வேலை முழுக்க பயோசேஃப்டி கேபினட்டுக்குள். பூல் டியூபுக்கு முதலிலேயே லேபிள் ஒட்டுங்கள். அசல் டியூபை வோர்டெக்ஸ் செய்து (கருவியில் அதிரவைத்துக் கலக்கி), ஒரு நொடி சுழற்றி, மூடியில் ஒட்டிய துளிகள் கீழே இறங்கியபின் திறவுங்கள். ஒரு நேரத்தில் ஒரு டியூபின் மூடிதான் திறந்திருக்க வேண்டும். ஐந்தையும் திறந்துவைத்துக்கொண்டு வேலை செய்தால் வேகமாக இருக்கும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தெறிப்பதும் அதே வேகத்தில் நடக்கும். ஃபில்டர் டிப், ஒவ்வொரு டியூபுக்கும் புது டிப். எடுத்து முடித்த அசல் டியூபை உடனே மூடி, வேறு ரேக்குக்கு மாற்றுங்கள். இடது ரேக்கில் எடுக்காதவை, வலது ரேக்கில் எடுத்தவை. பாதியில் யாராவது கூப்பிட்டாலும் எங்கே நிறுத்தினோம் என்று ரேக்கே சொல்லிவிடும்.

இப்போது பூல் ஷீட். ஒவ்வொரு பூல் எண்ணுக்கும் எதிரே ஐந்து மாதிரி எண்கள். ஒருவர் எண்ணைச் சத்தமாக வாசிக்க வேண்டும், பிப்பெட் பிடித்திருப்பவர் டியூபில் உள்ள எண்ணைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பார்கோடு ஸ்கேனர் இருந்தால் பிப்பெட் செய்யும் அந்த நேரத்திலேயே ஸ்கேன் செய்யுங்கள். முன்கூட்டியே ஷீட்டை நிரப்பிவிட்டு அப்புறம் டியூபைத் தேடக்கூடாது. இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒரு இரவு ஷிஃப்டில் எங்களுக்கு நடந்தது அப்படி.

ரேக் ஐந்து வரிசை, ஒவ்வொரு வரிசையிலும் பத்து டியூப். நான் இடமிருந்து வலமாக ஐந்தைந்தாக எடுத்துப் பூல் போட்டேன். கணினியில் ஷீட்டை நிரப்பியவர் மேலிருந்து கீழாக எண்ணியிருந்தார். இருவருமே தனித்தனியாகச் சரிதான். ஏழாவது பூல் பாசிட்டிவ் வந்தது. ஷீட்டில் இருந்த ஐந்து பேரையும் தனியாக ஓட்டினோம். ஐந்தும் நெகட்டிவ். என் கணக்கில் ஏழாவது பூல் என்பது நான்காவது வரிசையின் முதல் ஐந்து டியூப். ஷீட்டின் கணக்கில் அது ஏழாவது நெடுவரிசை. இரண்டுக்கும் பொதுவாக ஒரு டியூப்கூடக் கிடையாது. ரேக்கை யாரும் கலைக்காமல் வைத்திருந்ததால் விடிவதற்குள் கண்டுபிடித்து, சரியான ஐந்து பேரையும் ஓட்டினோம். அதில் ஒருவர் பாசிட்டிவ். அவருடைய எண், நெகட்டிவ் என்று ரிப்போர்ட் அனுப்பக் காத்திருந்த பட்டியலில் இருந்தது. அனுப்பு பட்டனை அழுத்தாமல் வைத்திருந்தோம் என்பதால் மட்டுமே அவர் தப்பித்தார், அவர் வீட்டில் இருந்தவர்களும் தப்பித்தார்கள். அன்றிலிருந்து, ஒரு ரன்னில் (மெஷினில் ஒரே தடவையில் ஓட்டியதில்) ஒரு பூல் பாசிட்டிவ் ஆனால் அதன் தனிச் சோதனை முடியும்வரை அந்த ரன்னின் எந்த ரிப்போர்ட்டையும் நான் விடுவதில்லை. தாமதம்தான். ஆனாலும் மாற்றிக்கொள்ளவில்லை.

அசல் டியூப்களை 2 முதல் 8 டிகிரிக்குள் வையுங்கள். 72 மணி நேரத்தைத் தாண்டும் என்றால் மைனஸ் 70 டிகிரிக்கு மாற்ற வேண்டும். பூல் முடிவு வருவதற்கு முன் அசல் டியூபைக் கழிவில் போடுகிறவர்கள் எங்கும் இல்லை என்று நினைக்காதீர்கள். ஃப்ரிட்ஜில் இடம் இல்லாத நாளில் அந்த யோசனை யாருக்காவது வரும்.

படி 7: முடிவைப் படிப்பது

பூல் நெகட்டிவ், கண்ட்ரோல்கள் (முடிவு முன்பே தெரிந்த சரிபார்ப்பு மாதிரிகள்) எல்லாம் சரி என்றால் ஐந்து பேரும் நெகட்டிவ். பூல் முறையில் சோதித்தது என்பதை ரிப்போர்ட்டில் எழுதுங்கள். மருத்துவருக்குச் சந்தேகம் இருந்தால் தனியாகக் கேட்க அது உதவும்.

பூலில் தாமதமாக, கிட்டின் எல்லையைத் தாண்டி ஒரு சிக்னல் வளைவு எழும்பினால்? தனி மாதிரியாக இருந்தால் நெகட்டிவ் என்று விடலாம். பூலில் விடக்கூடாது. எந்த வளைவு தெரிந்தாலும் அந்தப் பூலைப் பிரித்துத் தனித்தனியாகப் பாருங்கள். 2.3 சுழற்சி தாமதம் நாமே உண்டாக்கியது என்பதை மறக்க வேண்டாம்.

பூலைப் பிரிக்கும்போது அசல் டியூபிலிருந்து புதிதாக எக்ஸ்ட்ராக்‌ஷன் செய்யுங்கள். பூல் பாசிட்டிவ், ஐந்து பேரும் தனியாக நெகட்டிவ் என்று வந்தால் ஐந்தையும் நெகட்டிவ் என்று முடித்துவிடாதீர்கள். முதலில் பூல் ஷீட்டைப் பாருங்கள், ஏன் என்று மேலே சொல்லிவிட்டேன். அடுத்து, அதே பிளேட்டில் (மாதிரிகளைப் போடும் சிறு குழிகள் கொண்ட தட்டு) பக்கத்துக் குழிகளில் பலமான பாசிட்டிவ் இருந்து தெறித்திருக்குமா என்று பாருங்கள். அதன்பின் ஐந்தையும் மறுபடி ஓட்டுங்கள். அப்போதும் தெளிவில்லை என்றால் புதிய மாதிரி கேளுங்கள்.

பூலிங்குக்கே உரிய ஒரு குருட்டுப் புள்ளி இருக்கிறது. மாதிரி ஒழுங்காக எடுக்கப்பட்டதா என்று தெரிய கிட்டில் மனித ஜீன் ஒன்றையும் சேர்த்துத் தேடுவோம், பெரும்பாலும் ஆர்என்ஏஸ்-பி. தனிச் சோதனையில் அது வரவில்லை என்றால் ஸ்வாபில் செல்லே இல்லை என்று பிடித்துவிடலாம். ஐந்து பேர் பூலில் நான்கு பேருடைய செல் இருந்தாலே அது அழகாக வந்துவிடும். ஐந்தாவது டியூபில் ஸ்வாப் மூக்கையே தொடாமல் இருந்தாலும் நமக்குத் தெரியாது. அவருக்கும் நெகட்டிவ் என்று ரிப்போர்ட் போய்விடும். இதற்கு லேபில் முழு மருந்து இல்லை. மாதிரி எடுப்பவர்களுக்குப் பயிற்சி தருவது, ஒவ்வொரு சேகரிப்பு மையத்திலிருந்தும் வாரத்துக்குச் சில மாதிரிகளையாவது தனியாக ஓட்டி மனித ஜீனின் சிடியைப் பார்ப்பது, இந்த இரண்டும்தான் வழி. ஒரு மையத்திலிருந்து வருவது தொடர்ந்து மோசமாக இருந்தால் அங்கிருந்து வருவதைப் பூலில் சேர்க்காதீர்கள்.

படி 8: தினமும் ஒரு எண்ணைப் பாருங்கள்

நாளின் முடிவில் எத்தனை சதவீதப் பூல் பாசிட்டிவ் என்று எழுதுங்கள். ஐந்து பேர் பூலில் பத்தில் ஒரு பூல் பாசிட்டிவ் என்றால் மக்களிடையே விகிதம் ஏறக்குறைய 2 சதவீதம். ஐந்தில் ஒரு பூல் என்றால் 4 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. நான்கில் ஒன்றை நெருங்கினால் 5 சதவீதம். அன்றைக்கே நிறுத்திவிட்டுத் தனிச் சோதனைக்குத் திரும்புங்கள். அலை எழும்போது இந்த எண் இரண்டே வாரத்தில் எல்லையைத் தாண்டிவிடக்கூடும், மாதாந்திரக் கூட்டம்வரை காத்திருந்தால் கிட்டும் போகும், நேரமும் போகும். ஷிஃப்டையும் இதற்கேற்ப வகுத்துக்கொள்ளுங்கள்: பூல் ரன் காலையில், பிரித்துப் பார்க்கும் ரன் மதியம். அப்போதுதான் பாசிட்டிவ் பூலில் மாட்டியவருக்கும் அன்று மாலைக்குள் பதில் கிடைக்கும்.

இதைவிடக் கெட்டிக்கார முறைகள்

இரண்டு சுற்று இல்லாமல் ஒரே சுற்றில் ஆளைக் கண்டுபிடிக்கும் முறைகள் உண்டு. 96 மாதிரியை 8 வரிசை, 12 நெடுவரிசையாக அடுக்கி, ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு பூல், ஒவ்வொரு நெடுவரிசைக்கும் ஒரு பூல் போட்டால் மொத்தம் 20 பூல். ஒரே ஒருவர் பாசிட்டிவ் என்றால் ஒரு வரிசையும் ஒரு நெடுவரிசையும் பாசிட்டிவ் காட்டும், சந்திக்கும் இடத்தில் அவர். இரண்டு பேர் என்றால் பெரும்பாலும் நான்கு இடங்கள் சந்தேகத்துக்குள்ளாகும், மறுபடி ஓட்டத்தான் வேண்டும். ருவாண்டாவில் வில்ஃப்ரெட் என்டிஃபான், நீல் டூரோக் குழுவினர் இதையே கனசதுரமாக விரித்தார்கள். 27 மாதிரியை மூன்றுக்கு மூன்றுக்கு மூன்றாக அடுக்கினால் ஒன்பது பூல், ஒவ்வொருவரும் மூன்று பூலில். இஸ்ரேலில் 384 மாதிரிக்கு 48 பூல், ஒவ்வொருவரும் ஆறு பூலில் என்று ஒரு திட்டம் வந்தது. மும்பை ஐஐடியில் மனோஜ் கோபாலகிருஷ்ணன் குழு டேப்பெஸ்ட்ரி என்ற பெயரில் இதே வழியில் ஒன்றை உருவாக்கியது.

கணக்காக இவை அழகானவை. ஆனால் ஒரு மாதிரியை ஆறு முறை ஆறு வெவ்வேறு டியூபில் கையால் போடுவதை நள்ளிரவு இரண்டு மணிக்கு நினைத்துப் பாருங்கள். ரோபோ பிப்பெட் இல்லாத லேபுக்கு நான் இதைச் சொல்லமாட்டேன்.

கொரோனாவுக்கு அப்பால்

பூலிங் கொரோனாவோடு வந்ததும் இல்லை, போனதும் இல்லை. இரத்த வங்கிகளில் எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்களை நியூக்ளிக் அமிலச் சோதனையில் தேடும்போது நன்கொடையாளர்களின் மாதிரிகளைச் சிறு பூலாகச் சேர்ப்பது பல நாடுகளில் வழக்கம். பூச்சியியல் ஆய்வகங்களில் பூல் இல்லாமல் வேலையே நடக்காது. மதுரையில் ஐசிஎம்ஆரின் பூச்சியியல் மையம் வயல்வெளிக் கொசுக்களை இனம்வாரியாகப் பிரித்து, 50 வரை ஒரு பூலாகச் சேர்த்து ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸைத் தேடியிருக்கிறது. அங்கே எந்தக் கொசு என்று யாரும் கேட்பதில்லை. அந்த ஊரில் வைரஸ் சுற்றுகிறதா என்பதே கேள்வி, அதனால் பிரித்துப் பார்க்கும் இரண்டாம் சுற்றே தேவையில்லை.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் செய்ததைத்தான் நான் மாணவர்களுக்கு எப்போதும் சொல்வேன். எச்ஐவி தொற்றிய முதல் சில வாரங்களில் ஆன்டிபாடி சோதனை நெகட்டிவ் காட்டும். உடலில் வைரஸ் உச்சத்தில் இருப்பதும், மற்றவருக்கு எளிதில் தொற்றுவதும் அந்தக் காலத்தில்தான். ஆன்டிபாடி நெகட்டிவ் வந்த எல்லாருக்கும் தனியாக ஆர்என்ஏ சோதனை செய்யச் செலவு கட்டுப்படியாகாது. அங்கே பத்துப் பத்தாகச் சேர்த்து, அப்படி ஒன்பதைச் சேர்த்து, 90 பேருக்கு ஒரு பூலாக ஓட்டினார்கள். அந்தச் சமயத்தில் வைரஸ் மிக அதிகமாக இருக்கும் என்பதால் 90இல் ஒரு பங்காக நீர்த்தாலும் பிடிபடும். 2005இல் வெளியான முடிவின்படி, சோதித்த 1,09,250 பேரில் 23 பேர் இப்படிப் பிடிபட்டார்கள். பூல் இல்லாமல் இருந்திருந்தால் அந்த 23 பேரும் "உங்களுக்கு ஒன்றும் இல்லை" என்ற ரிப்போர்ட்டோடு வீட்டுக்குப் போயிருப்பார்கள்.